இஸ்திரி போட்ட கடிதங்கள்

டிசம்பர் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் நலம்தானே? உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? இங்கே நலம் என்று எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததில் பேனா முனை காய்ந்துவிட்டது.

நீங்கள் கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை என்று இவரிடம் வருத்தப்பட்டீர்களாம். கோபமெல்லாம் ஒன்றுமில்லை. போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். அது மேஜைமேல் அதிர்ந்தாலே பயல் கையையும் காலையும் உதறிக்கொண்டு அலறுகிறான். ஒரு கரண்டி கீழே விழுந்தால் அன்றைக்குக் காலைப்பொழுது போச்சு. நான் கொஞ்சம் குரல் உயர்த்திப் பேசினாலும் அதே கதைதான். நீங்கள் நம் வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு சில்வண்டு என்று பெயர் வைத்தீர்களே, அந்த சில்வண்டு இப்போது நாள் முழுக்க வாயைத் திறப்பதில்லை. எழுதினால் சத்தம் வராது, அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இந்த மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். எட்டு மாதப் பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. கால்விரல் நுனிகள் சிவந்து, பிறகு ஊதாவாகிக் கன்றிப்போகின்றன. ஏதோ கிருமி என்கிறார்கள். எது என்று பிடிபடவில்லை. எதுவாக இருந்தாலும் இனி இந்த வாசலைத் தாண்டவிடப் போவதில்லை. ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டியாயிற்று. துணி, பாத்திரம், பொம்மை எல்லாம் கொதிநீரில். வரும் கடிதங்களைக்கூடக் கவரோடு இரண்டு பக்கமும் இஸ்திரி போட்டுத்தான் பிரிக்கிறேன். சிரிக்காதீர்கள்.

இவர் வாரக் கடைசியில் வருகிறார். லிஃப்ட் பழுதுபார்க்கிற கை, ஊரே தொட்ட பட்டன்களைத் தொட்ட கை. குளித்து, உடை மாற்றி, முகமூடி போட்டால்தான் உள்ளறைக்கு அனுமதி. "பெத்த புள்ளையைப் பாக்க பேங்க் கொள்ளைக்காரன் மாதிரி வர வேண்டியிருக்கு" என்கிறார். நான் சிரிக்கவில்லை. பாவம், அவரும் சிரிக்கவில்லை.

நீங்கள் வரட்டுமா என்று கேட்டீர்களாம். வேண்டாம் அண்ணி. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தினமும் குளிர்பதனக் கிடங்குக்குள் போய் வருகிறவர் நீங்கள். அந்தக் குளிர் கைக்குழந்தைக்கு என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

அண்ணனிடமும் சொல்லிவிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சில்வண்டு

டிசம்பர் 15

சில்வண்டுக்கு,

நாங்கள் நலம். முதுகு வலி என்னோடு வேலைக்கு வந்து என்னோடு வீடு திரும்புகிறது. உன் அண்ணன் நலம், அவர் கையிலிருக்கும் டிவி ரிமோட்டும் நலம். மருமகப் பிள்ளைக்கு என் முத்தத்தைக் கொதிக்கவைத்துக் கொடு.

நான் வரவில்லை. நீ சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

கிடங்கில் ஒரு கூத்து நடந்தது, கேள். ஆபீசில் புதுமாதிரிப் பேனா வாங்கியிருக்கிறார்கள். மைதான், ஆனால் பின்பக்க ரப்பரால் தேய்த்தால் எழுதியது சுத்தமாகப் போய்விடும். தேய்க்கிற சூட்டில் மை நிறத்தை விட்டுவிடுமாம். எங்கள் ஸ்டோர் கீப்பர் வேலையில்லாத நேரத்தில் ஒரு பெட்டிச் சீட்டில் 'தொந்தி மகாராஜா' என்று எழுதியிருக்கிறார். யாரைப் பற்றி என்று சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் பயந்துபோய் அழித்துவிட்டு, அதே சீட்டைப் பட்டாணிப் பெட்டியில் ஒட்டி உறைநிலை அறைக்குள் அனுப்பிவிட்டார். மறுநாள் மேனேஜரே ஆய்வுக்குப் போனார். அந்தக் குளிரில் மகாராஜா பளிச்சென்று எழுந்து நிற்கிறார்! சூட்டில் போனது குளிரில் திரும்பிவிடும் என்று யாருக்குத் தெரியும்?

"யாருய்யா இது, தொந்தி மகாராஜா?"

"சரக்கு அனுப்பின கம்பெனி சார்."

"இப்படி ஒரு கம்பெனியா?"

"பழைய கம்பெனி சார். ரொம்ப வருஷமா இங்கதான் இருக்கு."

நான் பட்டாணி மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எனக்கு இன்னும் அந்தப் பேனா வரவில்லை, கேட்டு வாங்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. அவனைத் தூக்கியபடியே நின்றுகொண்டு சாப்பிடுவாய் என்று தெரியும். உட்கார்ந்து சாப்பிடு.

ஒன்று கேட்க மறந்தேன். விரல் மட்டும்தானா? காது மடல் ஓரமும் கன்றுகிறதா? சும்மாதான் கேட்டேன்.

அண்ணி

ஜனவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகாராஜா கதையை இவருக்குச் சொன்னேன். முகமூடிக்குள் சிரித்தார், கண் மட்டும் சுருங்கியது. நீங்கள் இருவரும் சுகம்தானே?

காது மடல் என்று எப்படிக் கேட்டீர்கள்? படித்ததும் போய்ப் பார்த்தேன். இரண்டு ஓரமும் கன்றியிருந்தன. தினமும் குளிப்பாட்டுகிற எனக்குத் தெரியவில்லை.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். அதில் வெள்ளணுக்கள் கூட்டமாக நிற்கின்றனவாம், சண்டை நடக்கிற அடையாளம் எல்லாம் இருக்கிறதாம். எதிரியைத்தான் காணோம். எந்தச் சோதனையிலும் கிருமி இல்லை. பெரிய டாக்டர்கள் இருவரும் இன்னும் கிருமிதான் என்கிறார்கள், இன்னொரு சுற்று ஊசி மருந்து போடப் போகிறார்கள். புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார். எதைச் சொன்னாலும் பென்சிலால் படம் போட்டுக் காட்டுவதால் நான் பென்சில் டாக்டர் என்று வைத்திருக்கிறேன். அவர் மட்டும் பயலின் விரல்களை ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்க குடும்பத்துல இதே மாதிரி கைக்குழந்தை யாராவது இருந்தாங்களா?"

இல்லை என்றேன். வராந்தா முனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். "இருந்தா. எங்க அண்ணன் பொண்ணு. ஆனா அது குளிர் பட்டதால வந்த காய்ச்சல்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "குளிர்னு யாரு சொன்னது?"

யார் சொன்னது? எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. அப்போது நான் விடுதியில் இருந்தேன், பாப்பாவை ஒரே ஒருமுறைதான் தூக்கியிருக்கிறேன். பாப்பா போன பிறகு ஆஸ்பத்திரிக் காகிதங்களையும் அண்ணன் எரித்துவிட்டார்.

நாம் இதைப் பற்றிப் பேசியதே இல்லை அண்ணி. கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. ஆனால் இப்படி இன்னொரு குழந்தை நம் குடும்பத்தில் இருந்தது உறுதியானால், மரபணுப் பரிசோதனைக்கு உடனே அனுப்பலாம், மற்ற டாக்டர்களும் ஒத்துக்கொள்வார்கள் என்கிறார் பென்சில் டாக்டர். இல்லையென்றால் ஊசி தொடரும், இந்த மூடிய கதவும் தொடரும். அதற்குள் இவன் ஒவ்வொன்றாக மறந்துகொண்டிருக்கிறான். சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்துகொண்டிருந்த பிள்ளை, இப்போது வைத்தால் சரிகிறான்.

நினைவில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள். முதலில் என்ன, பிறகு என்ன, விரல், காது, எல்லாம்.

உங்களைச் சிரமப்படுத்தும்
சில்வண்டு

ஜனவரி 14

சில்வண்டுக்கு,

நலம். அவனுக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கும் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

வீட்டில் எழுத முடியவில்லை, ஆபீசில் சாப்பாட்டு வேளையில் எழுதுகிறேன். அந்தப் புதுப் பேனா எனக்கும் கிடைத்துவிட்டது. நிறைய இடத்தில் அழித்து எழுதியிருக்கிறேன், தாள் கசங்கியிருந்தால் பொறுத்துக்கொள்.

பிறந்தபோது நன்றாக இருந்தாள். உன் அண்ணன் தும்மினால் சிரிப்பாள். அதற்காகவே அவர் பொய்த்தும்மல் போடுவார். நான் வேலைக்குத் திரும்பிய பிறகு அழ ஆரம்பித்தாள். பசி அழுகை இல்லை, யாரோ கிள்ளினாற்போல் ஒரு அழுகை. கதவு சாத்துகிற சத்தத்துக்கு உடம்பே தூக்கிப்போடும். காய்ச்சல் வந்து தானாகப் போகும். அப்புறம் கால்விரல். சிவப்பு, பிறகு நாவல்பழ நிறம். அப்புறம் காது மடல் ஓரம், இரண்டு பக்கமும். தலை நின்ற குழந்தை, மறுபடி தலை தொங்கினாள்.

பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: குளிர். அம்மா குளிர்க் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு வந்து தூக்கினால் வேறென்ன ஆகும் என்றார்கள். நான் கிடங்கை விட்டு வெளியே வந்ததும், அங்கே நிற்கிற லாரிகளின் என்ஜின் மூடிமேல் இரண்டு கையையும் வைத்துச் சூடாக்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன். டிரைவர்கள் கேலி செய்வார்கள்.

கடைசியில் ஆஸ்பத்திரியிலும் கிருமியைத் தேடினார்கள். கிடைக்கவில்லை என்று பயிற்சி டாக்டர் ஒருத்தி என்னிடம் சொன்னாள். சின்னப் பெண். யாரும் அவள் பேச்சைக் காதில் வாங்கவில்லை. நானும்தான்.

உன் அண்ணன் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. உன் டாக்டரம்மாவுக்கு உபயோகப்பட்டால் சரி. அவர் என்ன சொல்கிறார் என்று மட்டும் எழுது.

அண்ணி

பிப்ரவரி 2

சில்வண்டுக்கு,

எல்லாரும் நலமா? என் கடிதம் கிடைத்ததா? பதில் இல்லாததால் கேட்கிறேன்.

உனக்கு எழுத நேரமில்லை என்றால் எழுத வேண்டாம். அவன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி போதும். டாக்டரம்மா சொன்னதை எழுதச் சங்கடமாக இருந்தால் அதையும் விட்டுவிடு. குளிர்தான் என்று அவரும் சொல்லியிருந்தால் நான் புரிந்துகொள்வேன்.

தபால்காரர் வருகிற நேரம் எனக்கு இங்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

அண்ணி

பிப்ரவரி 20

அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள்.

நான் விவரம் கேட்டு எழுதிய பிறகு உங்கள் முதல் கவர் வந்தது. இஸ்திரி போட்டுப் பிரித்தேன். உள்ளே மூன்று வெள்ளைத் தாள்கள், ஒழுங்காக மடித்தவை. தாள் மாறிப்போயிருக்கும் என்று காத்திருந்தேன். அடுத்த கவர் வந்தது. அதிலும் ஒரு வெள்ளைத் தாள்.

பேசாமல் இருக்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. நான் முதல் கடிதத்தில் குளிரைப் பற்றி எழுதியதைத் தபாலில் போட்ட பிறகுதான் யோசித்தேன். யோசித்த நாளிலிருந்து அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. திட்ட வேண்டும் என்றால் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். வெள்ளைத் தாளை மடித்துத் தபால்தலை ஒட்டி அனுப்புகிற அளவுக்கு நான் வேற்று ஆளா?

விவரம் எதுவும் கிடைக்கவில்லை என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஊசி மருந்து நடக்கிறது. கையில் நரம்பு கிடைக்காமல் காலில் குத்துகிறார்கள். இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்கிறானா, என் பின்னால் இருக்கிற சுவரைப் பார்க்கிறானா என்று சொல்ல முடியவில்லை.

ஜன்னலுக்கு எதிரே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். அங்கே ஒரு பெண் போர்வைகளை மடிப்பாள். இரண்டு பேர் பிடிக்க வேண்டிய போர்வையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு தனியாகவே மடிக்கிறாள். ஒருநாள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நான் திரையை இழுத்துவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. நான் ஒருநாளில் பார்க்கிற ஒரே முகம் அது.

உங்கள் வெள்ளைத் தாள்களைக் கிழித்துப்போட மனசு வரவில்லை. அலமாரியில் போனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

சில்வண்டு

பிப்ரவரி 25

அடி பைத்தியக்காரி,

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை. இதைப் பென்சிலில் எழுதுகிறேன். இதன்மேல் நீ இஸ்திரிப் பெட்டி என்ன, ரோடு ரோலரே ஓட்டினாலும் எழுத்து போகாது.

நீ இஸ்திரி போடுவாய் என்று எழுதியிருந்தாய். சூடு பட்டால் போகிற மை என்று நான் எழுதியிருந்தேன். படித்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலையைப் பார். உன் கடிதத்தை வாசித்துவிட்டு ஆபீசில் தலையில் அடித்துக்கொண்டேன். ஸ்டோர் கீப்பர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

முதலில் அவசரமானது: ஆமாம். என் பெண்ணுக்கும் கால்விரல், காது மடல் இரண்டும்தான். கிருமி கிடைக்கவில்லை. இதை இன்றைக்கே டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்.

மீதி எல்லாம் அந்த மூன்று தாளில் இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் போட்டு உன் வீட்டு ஃபிரிட்ஜின் மேல்பெட்டியில், ஐஸ் கட்டுகிற இடத்தில் வை. மறுநாள் எடுத்துப் பார். மகாராஜா எழுந்த மாதிரி எழும்.

ஒன்று. நான் அழித்துவிட்டு எழுதிய இடங்கள் உண்டு. அழித்ததும் சேர்ந்து வரும். வரட்டும். எனக்கு மறுபடி எழுதத் தெம்பில்லை.

அந்தப் பெண்ணுக்குக் கையை ஆட்டு.

அண்ணி

மார்ச் 6

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று இந்தமுறை வழக்கத்துக்காக எழுதவில்லை.

ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தபோது தாள் விறைத்திருந்தது. எழுத்து கொஞ்சம் வெளிறித்தான் வந்தது, ஆனால் முழுக்க வந்தது. அழித்ததும் வந்தது. ஒரு வரியின்மேல் இன்னொரு வரி ஏறி நின்றது. விளக்குக்கு அருகே பிடித்துப் பிரித்துப் படித்தேன்.

லாரியின் மேல் கையைச் சூடாக்கினேன் என்று எழுதியிருக்கிற இடத்துக்கு அடியில், 'என் கையில்தான் குளிர் இருந்தது, நான்தான் அவளுக்குக் கொடுத்தேன்' என்று இருக்கிறது. அண்ணன் உங்களை நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்பதற்கு அடியில், 'நீ காரணம் இல்லை என்று ஒரு நாளும் சொல்லவில்லை' என்று இருக்கிறது. அதைப் படித்த பிறகு நான் முதல் கடிதத்தில் எழுதிய வரியை நினைத்துக்கொண்டேன்.

தாள்களை ஐஸ் வைத்த பையில் எடுத்துப் போனேன். பென்சில் டாக்டர் நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். "இவங்க எழுதின அளவுக்கு எங்க கேஸ் ஷீட்லகூட இருக்காது" என்றார். அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஊசியை நிறுத்தியாயிற்று.

என்னவாக இருக்கலாம் என்று கேட்டேன். படம் போட ஆரம்பித்தார். பாதியில் எனக்கே தெரிந்துவிட்டது. கல்லூரித் தாவரவியல் கூடத்தில் ஒரு சோளக் கதிர் வைத்திருந்தார்கள் அண்ணி, முத்துக்கு முத்து ஊதாப் புள்ளி தெறித்த கதிர். மரபணுத் தொகுப்பில் சில துண்டுகள் இருந்த இடத்தைவிட்டுத் தாவி வேறிடத்தில் போய் உட்காரும், உட்கார்ந்த இடத்தில் நிறத்தை அணைக்கும், எழுந்துபோனால் நிறம் திரும்பும். அதை அழகாக வரைந்து பாராட்டு வாங்கியவள் நான். சோளத்தோடு முடிந்துபோகிற சங்கதி என்று நினைத்திருந்தேன். நமக்குள்ளும் கிட்டத்தட்டப் பாதி அந்த மாதிரித் துண்டுகளும் அவற்றின் பழைய நகல்களும்தானாம்.

"அழையாம வந்து தங்கிட்ட குடித்தனக்காரங்கன்னு வெச்சுக்கங்களேன்" என்றார். "முக்கால்வாசிப் பேரு வாயை மூடிக்கிட்டு மூலையில கிடக்கறாங்க. செல்லே அவங்கள அடக்கி வெச்சிருக்கு."

"காலி பண்ணச் சொல்ல முடியாதா?"

"சொன்னா வீடு இடிஞ்சிடும். நம்ம எதிர்ப்பு அணுக்கள்ல, எதிரி வந்தா எந்த ஜீன் விழிக்கணும்னு போட்டுவிடற சுவிட்சு சிலது இவங்கதான். கிருமிக்குத் தகுந்த மாதிரி ஆயுதம் செய்ய அந்த அணுக்கள் தன் ஜீனையே வெட்டி ஒட்டுதே, அந்தக் கத்திரிக்கோலே ஒரு காலத்துல தாவற துண்டோட சொத்து."

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்தத் துண்டுகளிலிருந்து செல் எடுக்கும் நகல்கள் சில நேரம் இரட்டையாக மடிந்து ஒட்டிக்கொள்ளும். அப்போது பார்க்க வைரஸ் மாதிரியே இருக்குமாம். செல்லுக்குள் வைரஸுக்காக ஒரு காவலாளி உட்கார்ந்திருக்கிறான். சரியான காவலாளி, இது நம் வீட்டு ஆள் என்று விட்டுவிடுவான். பயலின் காவலாளிக்குச் சந்தேகம் அதிகம் என்று நினைக்கிறார் டாக்டரம்மா. வீட்டு ஆளைப் பார்த்தே மணி அடிக்கிறான். மணிச் சத்தத்துக்கு எல்லா அணுக்களும் ஓடிவந்து, இல்லாத எதிரியோடு சண்டை போட்டு, விரலையும் காதையும் மூளையையும் புண்ணாக்குகின்றன.

அவர் சொல்லும்போது நான் என் இஸ்திரிப் பெட்டியை நினைத்துக்கொண்டேன்.

முடிவு வர நாளாகும். என் ரத்தமும் இவர் ரத்தமும் போயிருக்கிறது. அண்ணனும் கொடுத்தால் நல்லது என்கிறார். கேட்டுச் சொல்வீர்களா?

உங்கள்
சில்வண்டு

ஏப்ரல் 11

சில்வண்டுக்கு,

நாங்கள் நலம். நீ கடிதத்தை இப்போது சும்மா பிரிக்கிறாயா? பிரிப்பாய் என்று நம்பிப் பால்பாயிண்டில் எழுதுகிறேன். நம்பிக்கை பாதிதான், அந்த அழிகிற பேனாவைத் தொடவில்லை பார்.

உன் அண்ணனிடம் ரத்தம் கொடுக்கச் சொன்னேன். "எனக்கெதுக்கு? நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்றார். "கல்லுல ஒரு குத்து குத்தினா ஒண்ணும் ஆகாது, போயிட்டு வாங்க" என்றேன். ஐந்தாம் நாள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து, பஞ்சு ஒட்டிய இடத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

படுக்கப் போகும்போது அவர் காலுறை போடுவதைப் பார்த்தேன். இத்தனை வருஷமும் பார்த்ததுதான். வெயில் காலத்திலும் காலுறை இல்லாமல் தூங்கமாட்டார். கொஞ்சம் ஈரத்தரையில் நின்றால் விரல் சிவந்து அரிக்கும். எதற்கும் உன் டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லி வை.

அந்த அழித்த வரிகளுக்குப் பதில் எழுதாதே. நீ படித்தாய், அது போதும். முன்பு நான் ஒருத்தி மட்டும்தான் படித்திருந்தேன்.

மருமகப் பிள்ளை எப்படி? உட்கார்ந்து சாப்பிடுகிறாயா?

அண்ணி

ஜூன் 9

என் அண்ணிக்கு,

நலம். இந்தமுறை யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

முடிவு வந்துவிட்டது. டாக்டரம்மா நினைத்தது சரி. அந்தக் காவலாளியின் ஜீனில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. பயலுக்கு இருக்கிறது. இவருக்கு இல்லை. எனக்கு இருக்கிறது. அண்ணனுக்கும் அதே எழுத்து, அதே இடத்தில். அப்பாவிடமிருந்தா அம்மாவிடமிருந்தா என்று கேட்க இருவரும் இல்லை. ஒரே மாற்றம்தான், ஆனால் சிலரிடம் ஒன்றும் செய்யாமல் கிடக்குமாம், சிலருக்குக் கால்விரல் அரிப்போடு போய்விடுமாம், சில குழந்தைகளுக்கு இப்படி ஆகுமாம். ஏன் என்று கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சா உங்களுக்குச் சொல்லாம இருப்பேனா?" என்றார்.

பாப்பாவைப் பரிசோதிக்க இனி வழியில்லை. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்து, இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார். குளிரா என்று நான் நேராகவே கேட்டேன். குளிர் அந்த விரல்களை இன்னும் கொஞ்சம் கன்றவைத்திருக்கலாம், நோயைக் கொண்டுவரவில்லை, கொண்டுவரவும் முடியாது என்றார். அது நீங்கள் வேலைக்குப் போவதற்கு முன்பே, அவள் பிறப்பதற்கு முன்பே, எங்கள் வீட்டு ரத்தத்தில் இருந்தது. உங்கள் கையில் இருந்ததில்லை அண்ணி. எங்கள் கையிலிருந்து வந்தது.

அண்ணனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவர் ஒரு நாளும் சொல்லாத அந்த ஒரே வரிதான். அந்த வரியை அவர் வாயால் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். இதற்குள் சொல்லியிருந்தால் சரி. சொல்லாவிட்டால் ரிமோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இவனுக்கு மணிச் சத்தத்தைத் தணிக்கிற மாத்திரை கொடுக்கிறார்கள், பாலில் கரைத்து. விரல்களில் ஊதா வெளுத்து வருகிறது. மறந்ததெல்லாம் திரும்ப வருமா என்று கேட்டேன். "எல்லாம் வரும்னு சொல்ல மாட்டேன். போறது நிக்கும்" என்றார். நேற்று தலையணைக்கு நடுவே உட்கார்ந்திருந்தான், சரிந்தான், தானாக ஒரு கையை ஊன்றினான். நான் பதற்றத்தில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். அவன் அழவில்லை. எங்கே விழுந்தது என்று திரும்பிப் பார்த்தான்.

டேப்பை எல்லாம் உரித்தாயிற்று, ஜன்னல் சட்டத்தில் பசை மட்டும் போகவில்லை. போர்வை மடிக்கிற பெண்ணுக்குக் கையை ஆட்டினேன். அவள் தாடையிலிருந்த போர்வையைக் கீழே விட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டினாள்.

நீங்கள் வாருங்கள். லீவு போட்டுக் குளித்து முழுகிச் சுத்தமாகி எல்லாம் வர வேண்டாம், வேலை முடிந்து அப்படியே பஸ் ஏறுங்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுகிற பிள்ளை என்பதால் வாசலில் சோப்பு இருக்கும், எல்லாரும் கழுவுகிற மாதிரி ஒரு தடவை கழுவினால் போதும். அவன் விரலுக்கு மட்டும் இன்னும் குளிர் ஆகாது. அதற்காக நீங்கள் லாரியைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். வந்ததும் கை இரண்டையும் முதலில் என்னிடம் கொடுங்கள். சூடானதும் அவனைத் தூக்கலாம்.

உங்கள்
சில்வண்டு